கதவு எண்

எஸ்டிமேட்டில் இருந்தது இவ்வளவுதான்:
நாகபூஷணம் கடையிலிருந்து
கடைசி வீடு வரை சிமெண்ட் கல் சாலை,
நூற்று நாற்பது மீட்டர்.

நான் பணித்தளப் பொறுப்பாளர்.
வீட்டில் தெலுங்கு, நோட்டில் தமிழ்.
நகரி மலை மூக்கில் வெயில் ஏறுமுன்
நூறு நாள் வேலைக்கு வந்துவிடும்
முப்பத்தொரு பேரின் கையெழுத்தும் கைநாட்டும்
என் பையில்.

நூற்று நாற்பதாவது மீட்டரில்
ரேணம்மா வைத்த கடைசிக் கல்
கோவிந்துரெட்டி மாட்டுக்கொட்டகையை ஒட்டி நின்றது.
அந்தாண்டை சீமைக்கருவேலம்.
அதற்கும் அந்தாண்டை ஒன்பது குடிசை.
கல் சுமந்த முப்பத்தொரு பேரில் ஏழு பேர்
அந்தக் குடிசைக்காரர்கள்.
சாயங்காலம் மண்வெட்டியைக் கழுவி,
தாங்கள் போட்ட ரோட்டிலிருந்து
சேற்றில் இறங்கி வீட்டுக்குப் போனார்கள்.

ஓவர்சியர் சம்பங்கி கெட்டவரில்லை.
டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:
"கதவு எண் இருந்தாத்தாம்மா வீடு."

கன்னியம்மா வாசலில் தொங்கும் பழஞ்சேலையைத்
தூக்கிக் காட்டினாள்:
"இதான் கதவு. எழுதிக்கோ.
காத்தடிச்சா நம்பரும் பறக்கும்."
சிரித்தோம்.
கொஞ்ச நேரம்தான்.

போன ஐப்பசியில் அவள் மருமகளுக்கு வலி கண்டபோது
ஆம்புலன்ஸ் அந்தக் கொட்டகை வரைதான் வந்தது.
கட்டிலோடு தூக்கி வந்த நாலு பேரில்
ஒருத்தன் கோவிந்துரெட்டியின் மகன்.
அந்த வீட்டுக் குழாயில்
கன்னியம்மா குடம் வைத்ததில்லை இன்றுவரை.
இரண்டும் உண்மை.
இரண்டையும் ஏற்ற
அளவுப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

வேலை விவரப் பலகை எழுதி மிஞ்சிய
வெள்ளைப் பெயிண்ட் கால் டப்பா இருந்தது.
பத்தாவது படிக்கும் ராஜகுமாரிதான்
டிரம்மைப் பார்த்தாள்.
குடிசைக்கு ஒன்று, நீலப் பிளாஸ்டிக்,
கதவு இல்லாத வாசலில் காவல்போல.
4/118 முதல் 4/126 வரை
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

"எண் யார் கொடுத்தது?"
கிராம சபையில் கிளார்க் கேட்டார்.
"நூத்திப் பதினேழுக்கு அப்புறம்
நூத்திப் பதினெட்டு சார்.
இதை யார் கொடுக்கணும்?"
"டிரம்மை உருட்டிட்டுப் போயிட்டா?"
கன்னியம்மா எழுந்தாள்:
"ரோடும் பின்னாடியே வரட்டும்."

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை.
மூன்று கிராம சபை,
ஒரு தாசில்தார் மாற்றம்,
சேற்றில் வழுக்கிய சின்னமுனிக்கு மணிக்கட்டு முறிவு.
அப்புறம் ஒரு காகிதம் வந்தது:
கூடுதலாக அறுபத்திரண்டு மீட்டர்.

கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம்.
கோவிந்துரெட்டி வந்து நின்று
வாட்டம் என் கொட்டகைப் பக்கம் கூடாது என்றார்.
சரியான பேச்சு. மாற்றி அமைத்தோம்.
மத்தியானம் அவர் மனைவி மோர் அனுப்பினார்.
பேப்பர் கப்பில்.
கன்னியம்மாவுக்குப் பேப்பர் கப்,
ரேணம்மாவுக்குப் பேப்பர் கப்,
எனக்கும்.
இதை என்னவென்று குறித்துக்கொள்வது?
நல்ல மோர். உப்பு சரியாக இருந்தது.

இப்போது பள்ளிப்பட்டுத் தபால்காரர்
வண்டியை நிறுத்தாமலே வருகிறார்.
ராஜகுமாரிக்குச் சாதிச் சான்றிதழ்,
சின்னமுனிக்கு வங்கிக் கடிதம்.
தட்டக் கதவு இல்லை; டிரம்மைத் தட்டுகிறார்.

நேற்று நானும் கூட நடந்தேன்.
டொம் என்றது நூத்திப் பதினெட்டு.
டொம், பத்தொன்பது.
டொம், இருபது.
ஒன்பதில் ஒன்றுதான்
அடிவயிற்றிலிருந்து தொப் என்று
கனத்துப் பதில் சொன்னது.

ராத்திரி மனு எழுத உட்கார்ந்தேன்.
பொருள் என்று எழுதிப் புள்ளி இட்டதும்
கை தன்னால் 'நீளு' என்று எழுதிவிட்டது.
அடித்துவிட்டு,
தண்ணீர் என்று எழுதினேன்.